ரயில்வே நிலம் முடிந்த இடம்

1912-ஆம் ஆண்டு ஜூலை 23, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். வேப்பங்குச்சி, கிணற்றடிக் குளியல், விபூதி. ஆறு மணிக்கு அப்பா வேலைக்குப் போனார். ஏழுக்கு நீராகாரம். எட்டு முதல் பதினொன்று வரை ஆங்கிலக் கையெழுத்து. பகலில் ரசம் சாதம், அரை மணி நேரத் தூக்கம். இவையெல்லாம் என் நாட்குறிப்பில் அப்படியே இருக்கின்றன. பக்கத்தின் அடியில் ‘இன்றைய தீர்மானங்கள்’ என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறேன். ஒன்று, பின்னக் கணக்கு பத்து போடுதல். இரண்டு, இரவல் கோட்டை வெயிலில் காய வைத்தல். மூன்று, வியாழக்கிழமை முடியும்வரை சூசையோடு சேராதிருத்தல்.

மூன்றாவது தீர்மானம் மாலை ஆறரை மணிவரை உயிரோடு இருந்தது.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. புத்தியில்லாத வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. புத்தி இருந்தது. கோடு போட்டு எழுதி வைக்கும் அளவுக்கு இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் மட்டும் அது வீட்டில், நாட்குறிப்புக்குள் இருந்தது.

வியாழக்கிழமை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அப்பா கோலாலம்பூர் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்கு நெம்புகோலை இழுத்து விடுகிறவர். பதினெட்டு ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் இழுத்தார். தன் மகன் கூரைக்குக் கீழே நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவருக்கு ஒரே ஆசை. ரயிலில் இருபது மைலுக்கு மேல் தள்ளியிருந்த கிள்ளானில், சரக்குக் கொட்டகையில் ஒரு சின்னக் கிராணி வேலை காலியாக இருந்தது. எழுத்துவேலை, நிழல், நாற்காலி. அங்கிருந்த பெரிய கிராணியை எட்டு மாதம் நடையாக நடந்து பார்த்து, கொட்டகையின் வெள்ளைக்காரத் துரை என்னை நேரில் பார்க்க அப்பா ஏற்பாடு செய்திருந்தார். வியாழன் பகல் பன்னிரண்டு மணி. மறுநாள் துரை விடுமுறையில் சீமைக்குப் போகிறார். வேறு நாள் கிடையாது.

செவ்வாய் மாலை, பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே லயத்து அம்மன் கோயிலில் காப்புக்கட்டு. அடுத்த வாரம் தீமிதி. தீ மிதிப்பவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, திருவிழா முடியும்வரை விரதம் இருப்பார்கள். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். (வேடிக்கை பார்க்கக் கூடாது என்று தீர்மானம் எழுதவில்லையே.) அங்கே சூசை நின்றான். செந்தூல் பட்டறை ஃபிட்டரின் மகன், என் வகுப்புத் தோழன், மாதா கோயில் பிள்ளை. கூட இன்னும் மூன்று பையன்கள்.

கோயில் பொறுப்பு மண்டோர் ரங்கசாமியுடையது. பகலில் கூலி வேலையாட்களை மேய்க்கும் குரலிலேயே அவர் அம்மனுக்கும் ஆள் சேர்த்தார்.

“இன்னும் யாருப்பா காப்பு கட்டப் போறீங்க? நேரமாவுது!”

சூசை என் விலாவில் இடித்தான். “டேய் வேலு, போறியாடா?”

“சும்மா இருடா.”

“இவனா?” என்று மற்ற மூவரையும் பார்த்துச் சொன்னான். “இவன் காப்பியையே பத்து தடவ ஊதிட்டுத்தான் குடிப்பான். இவன் தீ மிதிக்கப் போனா, மொதல்ல குழிய ஊதிக்கிட்டு நிப்பான் லா!”

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கும் நான் கையை நீட்டியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்தது என்று பிற்பாடு பல தடவை கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்லும் நேரம், மூன்றுக்கு இடமில்லை. அந்த நேரத்துக்குள் கிள்ளான் இல்லை, துரை இல்லை, அப்பா இல்லை. நான்கு முகங்கள் மட்டும் இருந்தன. மண்டோர் முடிச்சை இறுக்கியபோதுதான் ஐந்தாவதாக அப்பாவின் முகம் வந்து சேர்ந்தது.

வீட்டில் அப்பா என் கையைப் பார்த்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

“காப்பு கட்டினவன் எல்லை தாண்டக் கூடாது. தெரியுமில்ல?”

“தெரியும்ப்பா.”

“கிள்ளானுக்கு எப்படிப் போவ?”

கயிற்றைச் சட்டைக் கைக்குள் தள்ளினேன்.

“கட்டும்போது அது ஞாபகம் வரல?”

“வரலப்பா.”

“எங்க போச்சு ஞாபகம்?”

“தெரியலப்பா.”

இதைவிட உண்மையான பதிலை நான் அதற்குப் பின்னும் சொன்னதில்லை. கயிற்றை அவிழ்த்துவிடலாம் என்று அப்பாவின் வாய்வரை வந்தது. அம்மா பார்த்த பார்வையில் திரும்ப உள்ளே போய்விட்டது.

புதன் மாலை கோயிலில் பஞ்சாயத்துக் கூடியது. கேள்வி ஒன்றுதான்: எல்லை எது? ஊரில் என்றால் எல்லைக்கல் இருக்கும். இங்கே யார் கல் நட்டார்கள்? ஒருவர் பக்கத்தில் ஓடும் கிள்ளான் ஆறுதான் எல்லை என்றார். இன்னொருவர் சீனன் சாப்பாட்டுக் கடைதான் எல்லை, அதைத் தாண்டினால் பன்றி வாடை வருகிறது என்றார். ஒரு மணி நேரம் கழித்து, அதுவரை பேசாதிருந்த அப்பா எழுந்தார்.

“மண்டோரே, ஆத்தாளுக்கு இந்த இடத்தக் குடுத்தது யாரு?”

“ரயில்வேதான்.”

“அப்ப ரயில்வே நிலம் எங்க முடியுதோ, அங்கதான எல்லை முடியும்? இங்க தண்டவாளத்துல ஏறி, கிள்ளான்ல தண்டவாளத்துல எறங்கினா, பையன் எல்லைக்குள்ளதான இருக்கான்?”

மண்டோர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது. “அப்படிப் பார்த்தா, ஜொகூர் வரைக்கும் நம்ம ஆத்தா எல்லதான்யா!”

அம்மனின் ஆட்சி ஒரே மாலையில் இருநூறு மைலுக்கு மேல் விரிந்ததில் எல்லோருக்கும் பரம திருப்தி. நிபந்தனைகள் மட்டும் விதித்தார்கள். செருப்பு கூடாது. மஞ்சள் வேட்டி மாற்றக் கூடாது. ரயில்வே மண்ணை விட்டு ஓரடிகூட வெளியே வைக்கக் கூடாது.

வியாழன் காலை வண்டியில் கிள்ளான் புறப்பட்டேன். மஞ்சள் வேட்டி, அதற்கு மேலே இரவல் கறுப்புக் கோட்டு, வெறுங்கால், கழுத்தில் மஞ்சள் பூச்சு. அப்பாவுக்கு வேலைமுறை, வர முடியவில்லை. சூசை தானாகவே வந்தான். குற்ற உணர்ச்சி என்றான். (வேடிக்கை பார்க்கத்தான்.) அவன் சட்டையும் காலில் சப்பாத்தும் போட்டிருந்தான்.

கிள்ளானில் பெரிய கிராணி எங்களை வரவேற்றார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னை மேலிருந்து கீழே பார்த்து, பாதத்தில் கொஞ்சம் தங்கினார்.

“தம்பி, துரை எதிர்ப்பக்கத்து ரெஸ்ட் ஹவுசில சாப்பிடுறார். அங்கதான் உம்மைப் பாப்பாராம். கெதியா வாரும்.”

எதிர்ப்பக்கம். நடுவே சாலை. சாலை ரயில்வேயுடையது அல்ல, மராமத்து இலாகாவுடையது. பத்தொன்பது அடி அகலம். (பின்னாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடா பிடித்து அளந்தேன்.) வேலி ஓரம் போய் நின்றுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் கிராணி தலையில் கைவைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். உண்மையாகவே யோசித்தேன். சாலையைத் தாண்டினால் ஆத்தாள் கோபிப்பாள். தாண்டாவிட்டால் அப்பாவின் எட்டு மாத நடை வீண். கிராணி போய், பையன் வேலி ஓரம் காத்திருக்கிறான், சாப்பாடு முடிந்து திரும்பும்போது ஒரு நிமிடம் பார்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்கலாம். நல்ல யோசனை. வாயைத் திறந்தேன்.

“சீட்டு எழுதி துரையவே வரச் சொல்லேன் பாப்போம்” என்றான் சூசை. “உனக்கு எங்க தைரியம் வரப்போவுது!”

பக்கத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒன்று, இரண்டு. மூன்றுக்கு இடமில்லை. கோட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் மிக அழகான ஆங்கிலக் கையெழுத்தில், மாட்சிமை பொருந்திய தாங்கள் ரயில்வே எல்லைவரை எழுந்தருளுமாறு வேண்டுகிறேன் என்று எழுதினேன். கிராணி அந்தச் சீட்டைத் தொட மறுத்துவிட்டார். அவருக்குப் பிள்ளைகுட்டிகள் இருந்தன. கடைசியில் சூசையே எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டினான்.

இருபத்திரண்டு நிமிடம் கழித்து துரை வெளியே வந்தார். கழுத்தில் சாப்பாட்டுத் துண்டு அப்படியே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீ எழுதியதா?”

“ஆம், ஐயா.”

“கையெழுத்து மிக நன்றாக இருக்கிறது. அந்தக் கயிற்றைக் கட்டச் சொன்னது யார்?”

“யாரும் இல்லை, ஐயா. நானேதான்.”

“ஏன்?”

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். பக்தி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வரிசையாகவும் சரியாகவும் சொல்லித்தான் பழக்கம். “நண்பர்கள் சிரித்தார்கள், ஐயா.”

துரை சிரிக்கவில்லை. “நாளொன்றுக்கு நாற்பது வண்டிச் சரக்கு இந்தக் கொட்டகை வழியாகப் போகிறது. யாராவது சிரித்தால் நீ அதை எங்கே அனுப்புவாய் என்று எனக்குத் தெரியவில்லை” என்றார். பிறகு சூசையைக் காட்டினார். “இவனுக்கு எடைக் கணக்கு வரவில்லை. மூன்று கேட்டேன், மூன்றும் தப்பு. ஆனால் சாலையைத் தாண்டி வந்தான். திங்கட்கிழமை இவன் வேலைக்கு வரட்டும்.”

இப்படியாக, நான் காப்புக் கட்ட, சூசை கிராணியானான். அடுத்த செவ்வாய் தீ மிதித்தேன். பாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெருமையில் அன்று மாலை ஊதாமல் குடித்த காப்பியில் நாக்கு வெந்து போனது.

மறு ஆண்டு பள்ளியில் உதவி ஆசிரியரானேன். இன்றுவரை அதே வேலை. இருபத்து நான்கு வருஷமாகப் பையன்களைப் பார்த்துக் குறித்து வைத்து வருகிறேன். ஏழு வயதுப் பையன் எதையும் செய்யுமுன் என் முகத்தைப் பார்ப்பான். பதினொரு வயதுப் பையன் சட்டம் பேசுவான். அவனைப்போல் ஒரு நியாயஸ்தனைக் கோர்ட்டில்கூடக் காண முடியாது. பதினாலு வயதுப் பையனைத் தனியாக உட்கார வைத்து, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நடக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதற்கு எனக்கே தோன்றாத நான்கு காரணங்கள் சொல்வான். அன்று மாலை நான்கு பேர் பார்க்க, அதன்மேல் நடப்பான். பொய்யனில்லை. சரக்கு ரயிலில் எஞ்சின் முதலில் வருகிறது. கார்டு உட்காரும் பிரேக் வண்டி கடைசியில்தான் வருகிறது. நடுவில் எத்தனை வண்டி என்பது பையனுக்குப் பையன் வேறுபடும். (எனக்கு வந்தது மிக நீளமான ரயில்.) ஆகவே தப்பு செய்தவனிடம் ‘ஏன் செய்தாய்?’ என்று நான் கேட்பதில்லை. அவனுக்கே தெரியாது. ‘யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?’ என்று கேட்கிறேன். எல்லாம் விளங்கிவிடும்.

சூசை இப்போது கிள்ளானில் பெரிய கிராணி. ஒவ்வொரு தீபாவளிக்கும் பிஸ்கட் டின்னோடு வருவான், வாசலிலேயே நின்று, “உள்ள வரலாமாடா, இல்ல நீ வேலிக்கு வர்றியா?” என்பான். என் மனைவி ஒரு படி மேல். பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வரச் சொல்லும்போது நான் தயங்கினால், “ஏங்க, அது ரயில்வே நிலம் இல்லையா?” என்பாள். என் பிள்ளைகள் அர்த்தம் தெரிவதற்கு முன்பே அந்த வாக்கியத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டன.

அன்று கிள்ளானிலிருந்து திரும்பி, அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் நெம்புகோல் பிடித்துக் காய்த்த தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சாப்பிட்டியா?” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்தே காலுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். சூசை. செந்தூலிலிருந்து நடந்தே வந்திருந்தான். கையில் ஒரு சிலேட்டு. வேடிக்கை பார்க்க யாருமில்லை.

“வேலு, எனக்கு இந்த பிக்குல், காட்டி எடைக் கணக்கு ஒண்ணுமே புரியலடா. திங்கக்கிழமை கேப்பாங்க. நீ சொல்லிக் குடுப்பியா?”

கதவைப் பிடித்தபடி நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எட்டுவரை எண்ணியது நினைவிருக்கிறது. பிறகு பாயை விரித்து, சிலேட்டை வாங்கி, முதல் வரியை எழுதினேன்: ஒரு பிக்குலுக்கு நூறு காட்டி.