காற்றோடு போன ரோஸ்

காரில் ஏசி போடுவதா, கண்ணாடியை இறக்குவதா என்ற வழக்கில், இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் ஒரே ஒரு முறைதான் ஜெயித்திருக்கிறேன். அந்த வெற்றியின் கதை இது.

எனக்கு ஏசி ஆகாது. உடம்புக்கு அல்ல, கொள்கைக்கு. (கொள்கை என்றால் மைலேஜ்.) மனைவி சுமதிக்குக் கண்ணாடி இறக்கினால் ஆகாது. தூசி, புகை, கலைகிற தலைமுடி என்று மூன்று காரணம் வைத்திருப்பாள். மூன்றும் நியாயமானவை என்பதால் நான் காதில் வாங்குவதில்லை.

பெருமாநல்லூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. அன்று திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில், குழந்தைகள் சட்டைக்கான ரோஸ் நிறத்துக்கு ஒப்புதல் வாங்கினோம். ஒப்புதல் என்பது உள்ளங்கை அளவு துணித்துண்டு. அதன் மேலேயே அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் கையெழுத்துப் போட்டுத் தந்தார். சாயங்காலத்துக்குள் அது சாயப்பட்டறைக்குப் போகாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு என்று சொல்லித்தான் அனுப்பினார். எங்களுக்கு வந்த முதல் நேரடி ஆர்டர் அது.

துண்டைக் கைப்பையில் வைக்கிறேன் என்றாள் சுமதி. கண் முன்னால் இருக்கட்டும் என்று நான் டேஷ்போர்டில் வைத்தேன். (முதலாளித் தோரணை.)

"ஏனுங்க, ஏசி போடுங்க."

"காத்து நல்லாத்தான வருது, அம்மிணி."

"சரிங்க. உங்க இஷ்டமுங்க."

எங்கள் வீட்டில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். மாறாக, என் பக்கத்துப் பட்டனை அழுத்தி அவள் பக்கக் கண்ணாடியையும் இறக்கினேன்.

ஒரு லாரி விருட்டென்று கடந்தது. துண்டு எழுந்தது, சுமதியின் மூக்கை உரசியது, அவள் ஜன்னல் வழியாக வெளியேறியது.

வேறு ஊராக இருந்தால் ரோட்டோரம் கிடக்கும் ரோஸ் துணி தனியாகத் தெரியும். இதுவோ பனியன் கம்பெனிகள் வெட்டிக் கழித்த கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் போகிற பாதை. வேலி முள்ளெல்லாம் துணித்துண்டு, அதில் பாதி ரோஸ். கையெழுத்துப் போலக் கறை தெரிந்ததையெல்லாம் நான் வெயிலில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து காட்டினேன். சுமதி கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு, உள்ளிருந்தே இல்லையென்று தலையாட்டினாள். தெரிந்த கம்பெனிக்காரர் ஒருவர் பைக்கை நிறுத்தி, "என்னங்க, துணி பத்தலீங்களா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

வேறு வழியின்றி அலுவலகத்துக்கே திரும்பினோம். கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். "எப்படி சார் தொலைஞ்சுச்சு?" என்றார். நான் நல்ல பொய்யாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"காத்து வாங்கப் போயிருச்சுங்க" என்ற சுமதி, மிச்சத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் சிரித்து முடித்து, இன்னொரு துண்டு வெட்டிக் கையெழுத்திட்டார். நீட்டியிருந்த என் கையைத் தாண்டி, "அக்கா, இத நீங்க வச்சுக்கிடுங்க" என்றார்.

ஆறு மணிக்குள் பட்டறை சேர்ந்தோம். ஆர்டர் கைவிட்டுப் போகாமல் பிழைத்தது. ஏன் தாமதம் என்று சாய மாஸ்டர் கேட்க, சுமதி அங்கேயும் விவரமாகச் சொன்னாள். அவர் பதிவேட்டில் நிறத்தின் பெயரை 'ஜன்னல் ரோஸ்' என்றே எழுதிவிட்டார்.

அந்த நிறம் இப்போதும் ஓடுகிறது. போன மாதம் பட்டறைக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் போன் செய்து, அதற்கு ஏன் அப்படிப் பேர் என்று கேட்டார். வேலையாக இருக்கிறேன் என்றேன்.

"பரவால்லீங்க சார், அக்காகிட்டயே கேட்டுக்கறனுங்க. அவுங்க சொன்னாத்தான் நல்லாருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க."