நம்பர்காரரின் பிளக்

உயிர் போனாலும் பரவாயில்லை, கரண்ட் போகக்கூடாது என்று வாழ்ந்த மனிதர் இந்தத் தஞ்சாவூர்ச் சீமையிலேயே ஒருவர்தான். நீடாமங்கலத்தில் என் வீட்டுப் பின் போர்ஷனில் குடியிருந்தார். ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவுக்கு அவர் நம்பர்காரர்.

அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. அணைக்கவே மாட்டார். சித்திரை வெயிலில் டேபிள் ஃபேன் பெட்டிக்கு, பனை விசிறி அவருக்கு.

“அப்படி என்னதான் செய்யுது இது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“யாராலயும் பங்கு போட முடியாத நம்பரைத் தேடுதும்மா. ஏழு முடி நாத்து இருக்கு, கட்டைப் பிரிக்காம ரெண்டு பேருக்குச் சமமா குடுக்க முடியுமா? மூணு பேருக்கு? முடியாதுல்ல? அந்த மாதிரி, ஆனா கோடிக்கணக்கான இலக்கத்துல. உலகம் பூரா ஆளுங்க வீட்டுக் கம்ப்யூட்டரை இதுக்கு விட்டிருக்காங்க. ஆளுக்கு ஒரு நம்பர்.”

“கிடைச்சா?”

“பெட்டி மணி அடிக்கும்.”

“கிடைக்கலைன்னா?”

“அடுத்த நம்பரை அதுவே எடுத்துக்கும். இந்த இடத்துல இல்லைன்னு யாராவது பார்த்துச் சொல்லணும்லம்மா?”

நடவுக்கு ஆள் விடுவது போல என்று எனக்குப் புரிந்துவிட்டது. கூலி மட்டும் கிடையாதாம். கூலியில்லாத நடவை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

லாட்டரிப் பைத்தியம் ஒருத்தன் வாழைப்பழச் சீப்போடு வந்து காலில் விழுந்தான். “ஐயா, கடைசி நம்பர் மட்டும் சொல்லுங்க போதும்.” நம்பர்காரர் கண்ணை மூடி யோசித்தார். “ரெட்டைப்படையா இருக்காது. அதுக்கு நான் கேரண்டி” என்றார். பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பராமரிப்புக்கென்று பகல் முழுக்க கரண்ட்டை நிறுத்தும் நாளில் பெட்டியைத் துண்டில் சுற்றி, மொபெட்டின் முன்பக்கம் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு ரைஸ் மில்லுக்குப் போவார். அங்கே ஜெனரேட்டர் உண்டு. சாயங்காலம் தலையெல்லாம் தவிடோடு திரும்புவார்.

போன தையில் திரையில் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. நூறு வந்தால் அந்த நம்பர் முடிந்தது என்று கணக்கு. “இந்தத் தடவை மணி அடிக்கும்மா, பாருங்க” என்றார். அந்த வாரமே, மாரடைப்பில், போய்விட்டார்.

மயிலாடுதுறையிலிருந்து தம்பி ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார். அந்த அறையில் பெரிய பிளக் இருந்ததே ஒன்றுதான். தம்பி நேராகக் கம்ப்யூட்டர் ஒயரில் கை வைத்தார்.

“எடுங்க கையை!” என்றேன்.

“என்னம்மா இது, அண்ணன் கிடக்கறாரு. கம்ப்யூட்டரா முக்கியம்?”

“உங்க அண்ணனைக் கேட்டா அதைத்தான் சொல்லுவாரு. அவரை என் கூடத்துக்குத் தூக்கிட்டு வாங்க. கிரைண்டர் பிளக்குல ஐஸ் பெட்டியைப் போடுங்க.”

குடியிருந்தவரை வீட்டுக்காரி நடுக்கூடத்தில் கிடத்துவதா என்று தெருவில் முணுமுணுத்தார்கள். என் வீடு, என் கூடம். முன்னால் சங்கு ஊதினார்கள். பின்னால் கம்ப்யூட்டர் பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெண்ணாற்றங்கரைக்கு அவரைத் தூக்கிப் போன பிறகும் ஓடியது.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எண் தெரியும். தொண்ணூற்றொன்பது வந்த அன்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய் எதிரே உட்கார்ந்துகொண்டேன். நூறு வந்தது. மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் பூஜ்ஜியம் வந்து, மறுபடி முதலிலிருந்து நகர ஆரம்பித்தது.

“இங்க இல்லைங்க” என்று அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

கருமாதி முடிந்ததிலிருந்து பெட்டியைக் கேட்டுத் தம்பி போன் போடுகிறார். “ஒரு நம்பர் ஓடிக்கிட்டிருக்கு தம்பி, முடிஞ்சதும் வந்து எடுத்துக்குங்க” என்கிறேன். சரிங்கம்மா என்று வைத்துவிடுகிறார். முடிந்தால் அது அடுத்ததை எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.