முன்னாள் தலைவர் சம்பந்திக்கு எழுதியது

ஆலன், டெக்ஸாஸ்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சிவராமகிருஷ்ணன் அவர்கள் சமூகத்திற்கு, சேனாபதி பணிவோடு எழுதிக்கொண்டது. கோபியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியம்தானே? இங்கே என் மகன் முகிலன் நலம், பேத்தி மானஸா நலம், தங்கள் மகள் வான்மதி மிக மிக நலம். நான் மட்டும் முன்னாள் ஆகிவிட்டேன்.

இந்த ஊர்த் தமிழ் மன்றத்துக்கு நான் தலைவராக இருந்தது தங்களுக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு போனிலும் நானே சொல்லியிருக்கிறேன். போன மாதம் லைப்ரரி ஹாலில் 'அமெரிக்க ஜனாதிபதிகளின் குணநலன்' என்று பேசினேன். வாத்தியார் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா, அத்தனை ஜனாதிபதிகளுக்கும் மார்க் போட்டுப் பாதிப் பேரை ஃபெயிலாக்கினேன். ஒரு தலைவனின் யோக்கியதை நாற்காலியில் ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும், இரண்டு தடவையோடு போதும் என்று பண்ணை வீட்டுக்குப் போனாரே வாஷிங்டன், அவர்தான் மனுஷன் என்று மேஜையைத் தட்டினேன். முதல் வரிசையில் பலமாகக் கைதட்டியது தங்கள் மகள். அடுத்த வாரம் மன்றத் தேர்தலில் என்னை எதிர்த்து நின்றதும் தங்கள் மகளேதான். நான் நின்றது மூன்றாவது தடவை. அது வேறு விஷயம்.

கை தூக்கி ஓட்டுப் போடுவது எங்கள் வழக்கம். எனக்காக என் கை மட்டும் உயர்ந்திருந்தது. என் சம்சாரம் வசந்தாமணியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, தோற்றாயிற்று, பெருந்தன்மையாக நடந்துகொள்வோம் என்றுதான் பதவியேற்பு விழாவுக்குப் போனேன். "தலைவர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்று மைக்கில் சொன்னார்கள். பழக்க தோஷம், கால் தானாக ஏறிவிட்டது, கழுத்து தானாகக் குனிந்துவிட்டது, பொன்னாடையும் விழுந்துவிட்டது. "தாத்தா, தட்ஸ் ஃபார் அம்மா!" என்று மானஸா கத்தினாள். "இருக்கட்டுங்க மாமா, உங்களுக்குத்தான் எடுப்பா இருக்குது" என்றாள் தங்கள் மகள். ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் அதைக் கழற்றாமல் வீடு வரை வந்தேன். என் கணக்குப்படி எனக்கு மார்க் போட்டால் முட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மனசு ஆறவில்லை சம்பந்தி, அவமானமாக இருக்கிறது. தகப்பனார் என்ற முறையில் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி அவளை ராஜினாமா பண்ண வைக்க வேண்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் சேர்க.

இப்படிக்கு,
சேனாபதி

பின்குறிப்பு: முடித்துவிட்டு வசந்தாமணிக்கு வாசித்துக் காட்டினேன். "ஏனுங்க, பொங்கல் விழாவுல சேர் தூக்கித் தூக்கி மயங்கி விழுந்தீங்களே, இந்தத் தலைவர் வேல வேண்டாம்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டீங்களா? நாந்தான் அந்தப் புள்ளய நிக்கச் சொன்னேன். அவ மாட்டேன்னு அழுதா" என்றாள். மேற்படி புகார்களை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். பெண்ணை அருமையாக வளர்த்திருக்கிறீர்கள். இதே கடிதத்தைப் பெயர்களை மட்டும் மாற்றி என் மைத்துனருக்கு அனுப்புகிறேன். கண்டிக்க வேண்டியது அவர் தங்கையைத்தான்.