ஆவாது ஆசாரியும் என் ஸ்க்ரூ டிரைவரும்

மைசூரில் விற்ற எந்தச் சுத்தியலும் எந்த உளியும் ஆவாது ஆசாரியிடம் ஒரே தடவையில் பாஸானதாகச் சரித்திரமே கிடையாது. அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே பாதிக் கடைக்காரர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். கொள்ளேகால் பக்கத்துத் தச்சர். எங்கள் வடாரத்திலேயே குடியிருந்தாலும் நிஜப் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. (ஒரு முற்றம், சுற்றிலும் குடித்தனங்கள், எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே சண்டை. மைசூரில் அதற்குப் பெயர் வடாரம்.) எதைக் காட்டினாலும் "ஆவாதுங்க, வேற குடுங்க" என்பார். அதனால் ஆவாது ஆசாரி.

தொண்ணூறுகளில் மைசூர் ஹெப்பாளில் ஒரு ஃபாக்டரியில் எனக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தி கெட்டுப்போய், அவரோடு சந்தேபேட்டைக்குச் சுத்தியல் வாங்கப் போனேன். மனிதர் சுத்தியலைக் கையில் வாங்கியதும் விறுவிறுவென்று கடையை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"நடந்து பார்த்தாத்தானுங்க தெரியும், சுத்தியலு நம்மள இழுக்குதா, நாம சுத்தியல இழுக்கறமான்னு" என்று விளக்கம் வேறு.

தெருக்கோடி வரை போய்த் திரும்பி, "ஆவாதுங்க. வேற குடுங்க."

அடுத்த சுத்தியலோடும் ஊர்வலம். உளியென்றால் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ரம்பமென்றால் வளைத்துச் சுண்டிக் காதில் வாங்குவார். கடைசியில் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆசாரி, நீ வந்தது சுத்தியலுக்கா, சம்பந்தம் பேசவா? ஹோகப்பா, ஹோகு!" என்று கன்னடத்தில் போகச் சொல்லிக் கெஞ்சினார்.

வேலை செய்யும்போதும் இதே கூத்துதான். நாலு இழுப்பு இழைப்பார், எழுந்து இழைப்புளியை மாற்றுவார், முற்றத்தில் ஒரு சுற்று நடப்பார், மறுபடி பழைய இழைப்புளியையே எடுப்பார். பார்க்கிற நமக்குத்தான் காலெல்லாம் வலிக்கும். முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் கத்தரியை வாங்கிப் பார்த்துவிட்டு, பாதித் தலையோடு எழுந்து வந்தவர். ஆனால் வேலை முடிந்தால் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் சமையலறைக்கு அவர் போட்ட கதவைப் பார்த்து வீட்டுக்காரரே வாயைப் பிளந்தார். "இனிமே காத்துக்கூட உங்களக் கேட்டுக்கிட்டுத்தானுங்க உள்ள போவணும்" என்றார் ஆசாரி.

அந்தக் கதவுதான் எங்களைக் கொல்லப் பார்த்தது.

அன்று ஆயுத பூஜை. முற்றத்தில் பலகை போட்டு ஆசாரி தன் ஆயுதங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பமும் சாத்தியிருந்தார். மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. நானும் ஆசையாக என் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். நடைபாதைக் கடையில் அவருக்குத் தெரியாமல் வாங்கியது.

வாங்கி, இரண்டு விரலால் அழுத்தினார். வளைந்தது.

"இதென்னங்க தம்பி, தகரத்துல தட்டி வெச்சிருக்கறான்? இது ஆயுதமே இல்லீங்க. பூசைக்கு ஆவாதுங்க."

மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரும்பினேன். அவரோ கையில் வேலையில்லாமல் குழாய்க்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் என் மனைவி அலறினாள். பாயசத்துக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்க வெளியே வந்திருக்கிறாள். மூன்று வயது மகள் உள்ளே கதவைச் சாத்தி, கீழ்க் கொண்டியைப் போட்டுவிட்டாள். திறக்கத் தெரியவில்லை.

"அப்பா, பாலு பொங்குது" என்றாள் உள்ளேயிருந்து.

பால் பொங்கி அடுப்பு அணைந்தால் கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். சிலிண்டரும் உள்ளேதான். ஜன்னலும் கிடையாது. நானும் எதிர்வீட்டுக்காரரும் தோளால் இடித்தோம். ஆசாரி போட்ட கதவாயிற்றே, அசையவில்லை. "பாப்பா, அடுப்புகிட்ட போகாதடீ!" என்று கத்திக் கத்தி என் மனைவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. எனக்குக் கைகால் ஓடவில்லை.

ஆசாரி ஓடினார். பூஜைப் பலகையில் கை வைத்தார். "ஐயோ, சாமி குத்தம்!" என்று யாரோ கத்தினார்கள். கதம்பம் ஒரு பக்கம் பறந்தது. குங்குமம் வைத்த உளியைக் கதவிடுக்கில் செருகினார். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. நேராகப் போன உளி நிலைக்கட்டையில் முட்டி நின்றது.

"ஆவாது!" உளி தரையில் விழுந்தது. "வேற குடுங்க!"

அகல உளியைக் கொடுத்தோம். "ஆவாது!" பட்டை அரத்தைக் கொடுத்தோம். "ஆவாது! வேற குடுங்க, வேற!"

ஊரையே சல்லடை போட்டுப் பொறுக்கின சாமான் அத்தனையும் தரையில் கிடந்தது. உள்ளே அடுப்பு 'புஸ்' என்றது. கேஸ் நாற்றம் வந்துவிட்டது. கொடுக்க வேறொன்றும் இல்லை. என்ன செய்கிறோமென்று தெரியாமலே பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. வாசற்படியில் வைத்து ஒரு அழுத்து, மடங்கியது. இடுக்கில் செருகிக் கொட்டாப்புளியால் தட்டினார். அந்தத் தகரம் நிலைக்கட்டையைச் சுற்றி வளைந்து உள்ளே போய்க் கொண்டியைத் தூக்கிவிட்டது.

நான் பாய்ந்து கேஸை மூடினேன். திரும்பிப் பார்த்தால் மகள் அவர் இடுப்பில் இருந்தாள். "அம்மிணி, பயந்துட்டயா கண்ணு" என்று கேட்டுவிட்டு அவர்தான் தேம்பித் தேம்பி அழுதார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரே இடத்தில் நின்றார்.

ஸ்க்ரூ டிரைவர் அதற்குப் பிறகு என்னிடம் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, "ஆவாதுங்க."

அடுத்த ஆயுத பூஜையில், கோணிக்கொண்ட அந்த ஸ்க்ரூ டிரைவர் எல்லா உளிக்கும் முன்னால் பலகையில் இருந்தது. பொட்டு வைக்க என் மகளைத்தான் கூப்பிட்டார். அவள் அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியே அவர் குரலில், "ஆவாது தாத்தா. கோணலா இருக்கு. வேற குடுங்க" என்றாள்.

வடாரமே சிரித்தது. ஆசாரி சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஆவும் கண்ணு" என்றார். "இது ஆவும்."

அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்று மட்டும்தான். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.