இருமத் தெரியாத அக்கா

அன்புத் தங்கைக்கு, அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே நீயும், என்மேல் உனக்கிருக்கும் கோபமும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் மகள் கல்யாணத்தில் நான் கதவோரமாக உட்கார்ந்துகொண்டு, நீ பக்கத்தில் வரும்போதெல்லாம் எழுந்து ஓடினேன் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறாயாமே. ஓடியது உண்மைதான். நீ வந்தால் வாயைத் திறப்பாய், நீ வாயைத் திறந்தால் நான் சிரிப்பேன், நான் சிரித்தால் புதுப் புடவை நனையும். பிள்ளை பெற்ற பிறகு வந்த அதே தொல்லைதான். ஆபரேஷன் செய்து சிறுநீர்க் குழாய்க்கு அடியில் நாடா வைத்துத் தாங்கல் கொடுத்தார்களே, சில வருஷம் ஒழுங்காக இருந்தது, இப்போது தும்மினாலும் பை தூக்கினாலும் பழையபடி ஒழுகுகிறது.

டாக்டரம்மாவிடம் போனேன். மறுபடி ஆபரேஷன் என்றால் முதலில் சோதிக்க வேண்டுமாம். குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையில் தண்ணீரை நிரப்பி, நிற்கவைத்து, இருமச் சொன்னார். எனக்கு இருமத் தெரியவில்லையடி! வேலைக்காலம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து ஊராரை ‘உஸ்’ என்று அடக்கியவள், வந்த இருமலைத் தொண்டையிலேயே விழுங்கித்தான் எனக்குப் பழக்கம். “நல்லா பலமா இருமுங்கம்மா” என்றார். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பூனைக்குட்டி மாதிரி இருமினேன். ஒரு சொட்டு விழவில்லை. நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில், பொய்ப் புகார் கொடுக்க வந்தவள் மாதிரி நின்றேன்.

அப்போதுதான் நம் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் நினைவுக்கு வந்தன. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஊர்வம்பு பேசுவாளே தையல்காரம்மா, அவள் மாதிரி நீ உதட்டை இறுக்கிப் பேசிக்காட்டுவாய். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து உருண்டு விழுவேன். அம்மா அடுத்த அறையிலிருந்து, “ரெண்டும் தூங்குதா இல்லையா?” என்று அதட்டுவாள். அதட்டிவிட்டு அவளும் சிரிப்பது நமக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது.

நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். தரை நனைந்தது. “இது போதும்மா” என்று டாக்டரம்மா திருப்தியாக எழுதிக்கொண்டார்.

இரண்டாவது ஆபரேஷன் முதல் தடவை அளவுக்குப் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம், ஆனால் நன்றாகக் குறைய வாய்ப்பு உண்டாம். எனக்கு வேண்டாம். மறுபடி குழாய், மறுபடி படுக்கை, யாரால் முடியும்? இனிமேல் சிரிக்காமலே இருந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். ஆகவே நீ இங்கே வராதே, போனும் செய்யாதே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னை இப்படிச் சிரிக்கவைக்க உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை, அதுதான் கஷ்டம்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கட்டும். நீயும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், தூரத்தில்.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த
உஸ் அக்கா

பி.கு.: பிழை பார்ப்பதற்காக இதை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். தையல்காரம்மா வரும் இடத்தில் என்னையறியாமல் உதட்டை இறுக்கி உன்னைப் போலவே வாசித்துவிட்டேன். புடவை மாற்றிக்கொண்டு வந்து எழுதுகிறேன்: ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று டாக்டரம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. முந்தின நாளே வந்துவிடு. புண் ஆறும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது. அதற்கப்புறம் மூடவே கூடாது.