டிரைவர் தட்டு

இந்த வருடத்தின் கடைசிக் கப்பல் போவதற்குள் ஒரு தட்டு பொரித்த கணவாய் மீனைத் தின்றே தீருவது என்று லிக்கூர்கோஸ் சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டு எடுத்தால் அடுப்படியில் இருக்கும் அவர் மனைவி கனெல்லாவின் காதில் விழும். விழுந்தால் சபதம் அன்றே சமாதி.

கணவாய் மேல் ஒரு கணவனுக்கு இப்படியா ஆசை என்று கேட்காதீர்கள். ஆறு மாதமாக அந்த வீட்டில் அவித்த கீரை. காலையில் கீரைச் சாறு, மதியம் கீரை, ராத்திரி மதியத்துக் கீரை. ஈஸ்டர் அன்று பாதி ஆட்டைத் தனியாளாகத் தின்றுவிட்டு, மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். கனெல்லா குறைக்கவில்லை, உப்பு ஜாடியையே வீட்டை விட்டுத் துரத்திவிட்டாள். பொரிக்கிற வாணலியில் மண்ணை நிரப்பிப் புதினா நட்டாள். புதினா நன்றாகத் தழைத்தது. லிக்கூர்கோஸ் வாடினார்.

அப்போதுதான் அவருக்குக் கப்பல் கைகொடுத்தது. கிரீஸின் தென்கோடியில் இருக்கும் கிதியோ துறைமுகத்துக்கு வெளியே உல்லாசக் கப்பல்கள் வந்து நங்கூரம் போடும். இறங்குகிறவர்களை ஆறேழு பேராக வேனில் ஏற்றி, மானிக் கடற்கரையைச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் கப்பல் கிளம்புமுன் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். துறைமுக ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேனை வாங்கினார்.

"சும்மா உக்காந்தா முட்டி பிடிச்சுக்கும் கனெல்லா" என்று சொல்லி வைத்தார்.

முட்டிக்கும் வேனுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கடற்கரை நெடுக ஒரு வழக்கம் உண்டு. ஆள் கூட்டி வருகிற டிரைவருக்கு உணவகத்தில் சாப்பாடு சும்மா. அதுவும் சாதாரணச் சாப்பாடு இல்லை. அடுத்த முறையும் இவன் நம் கடைக்கே வண்டியைத் திருப்ப வேண்டுமே என்று முதலாளி பார்த்துப் பார்த்துப் பொரித்து, தட்டில் கோபுரம் கட்டி அனுப்புவான். டிரைவர் தட்டு என்றால் அந்தப் பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளைத் தட்டுக்கு ஒரு படி மேல். கோடை முழுக்க அந்தத் தட்டில்தான் லிக்கூர்கோஸ் உயிர் வாழ்ந்தார்.

செப்டம்பரில் கொஞ்சம் இடறியது.

"யோவ், கப்பல் வர்ற அன்னைக்கெல்லாம் உனக்கு பிரஷர் ஏறுதே, அது ஏன்?" என்று கேட்டாள் கனெல்லா, அவர் கையிலிருந்து பிரஷர் பார்க்கிற பட்டையை அவிழ்த்தபடி.

"ரோட்டுல வளைவு ஜாஸ்தி."

"கப்பல் வராத அன்னைக்கு இறங்கிடுது."

"கடல் பக்கத்துல இருக்கோம்ல. அலை மாதிரி, ஏறும், இறங்கும்."

"சட்டையில இந்த எண்ணெய்க் கறையும் அலையடிச்சுத்தான் வந்துச்சா?"

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அவர் நினைத்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம்.

இப்போது அக்டோபர். இன்று வருவதுதான் கடைசிக் கப்பல். நாளை முதல் கடற்கரை உணவகங்கள் எல்லாம் நாற்காலியைக் கவிழ்த்துப் பூட்டிவிடும். இனி ஈஸ்டர் வரைக்கும் குளிர்காலம், கனெல்லா, கீரை. அவருக்கு நினைக்கும்போதே கண் கலங்கியது.

கனெல்லா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மதியத்துக்குக் கீரை. காஞ்ச ரொட்டி ரெண்டு வெச்சிருக்கேன்."

"உன் கை பட்டா கீரையும் அமிர்தம்."

"இன்னைக்கு எங்க நிப்பாட்டுற?"

"லிமேனி. தியோதோசிஸ் கடை. அவங்க உள்ள உக்காந்து சாப்பிடுவாங்க. நான் வண்டியில உக்காந்து இதைச் சாப்பிடுவேன்."

"பாவம்யா நீ."

"என்ன பண்றது? உடம்புன்னு ஒண்ணு இருக்கே."

"சரி, பாத்துப் போ."

சண்டை இல்லை. சந்தேகம் இல்லை. சட்டைக் காலரை வேறு சரிசெய்துவிட்டாள். நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் அந்த இடத்தில் சுதாரித்திருக்க வேண்டும். லிக்கூர்கோஸ் விசில் அடித்துக்கொண்டு வேனைக் கிளப்பினார்.

படகுத்துறையில் ஆறு பேர் ஏறினார்கள். எல்லோரும் ஹாலந்துக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள். அதில் வில்லெம் என்று ஒருவர், வேன் கூரையில் தலை இடிக்கிற உயரம், முன் சீட்டில் உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். அவர் மனைவி மார்யோலைன் பார்த்ததற்கெல்லாம் உருகினாள். கரை ஒதுங்கித் துருப்பிடித்த கப்பலைப் பார்த்து உருகினாள், கல் கோபுர வீடுகளைப் பார்த்து உருகினாள், ரோட்டுக்குக் குறுக்கே வந்த ஆட்டைப் பார்த்தும் உருகினாள். அந்த ஆட்டுக்குத்தான் லிக்கூர்கோஸ் டப்பாவைத் திறந்து வைத்தார். ஆடு மோந்து பார்த்தது. அவரை ஒரு தரம் இரக்கமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

லிமேனியில் தண்ணீரை ஒட்டி மேஜை போட்டிருந்தார்கள். ஆறு பேரையும் உட்கார வைத்துவிட்டு, லிக்கூர்கோஸ் தன் வழக்கமான மூலை மேஜையில் போய் அமர்ந்தார். அவர் உட்கார்ந்த மறு நிமிடம் தட்டு வந்தது. தட்டில் கீரை.

"என்னடா இது?"

"டிரைவர் தட்டு" என்றான் தியோதோசிஸ், முகத்தைப் பார்க்காமல்.

"போன மாசம் இதே தட்டு வேற மாதிரி இருந்துச்சே?"

"போன மாசம் கனெல்லா அக்கா போன் பண்ணல. நேத்து பண்ணாங்க. 'அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன் கடை வாசல்லதான் வந்து உக்காந்து ஒப்பாரி வெப்பேன்'னாங்க. எங்க அம்மாவே அந்த அக்காவுக்குப் பயப்படும். எனக்கு எதுக்குண்ணே வம்பு?"

லிக்கூர்கோஸ் எழுந்தார். ஹாலந்துக்காரர்கள் அப்போதுதான் மெனுவைக் கையில் எடுத்திருந்தார்கள்.

"எல்லாரும் கிளம்புங்க. இங்க காத்து சரியில்ல."

"நல்லாத்தானே அடிக்குது?" என்றார் வில்லெம்.

"அதான் சொன்னேன். சாப்பாட்டுல மண் விழும்."

சாப்பாட்டில் மண் விழுந்தது அவருக்குத்தான். ஆனால் எண்ணம் தளரவில்லை. ஒரு வாசல் மூடினால் மறு வாசல் திறக்கும் என்று தெற்கே வண்டியை விட்டார். கெரோலிமேனாஸில் மெட்டாக்ஸியா கடை இருக்கிறது. மெட்டாக்ஸியா விதவை, கறுப்பு உடையைத் தவிர வேறு உடுத்தாதவள், யார் பேச்சையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவள். அவளையுமா கனெல்லா மிரட்டியிருக்கப் போகிறாள்?

மிரட்டவில்லை. கேட்டுக்கொண்டாளாம்.

"என் மனுசனுக்கும் டாக்டர் இதேதான் சொன்னாரு" என்று மெட்டாக்ஸியா கீரைத் தட்டை அவர் முன்னால் வைத்தாள். "பாவமேன்னு நான்தான் பொரிச்சுப் பொரிச்சுப் போட்டேன். இப்ப எங்க இருக்காரு?"

"எங்க?"

"அந்தா, மேட்டுல, சர்ச்சுக்குப் பின்னாடி. நீயே போய்க் கேளு, உப்பு சரியா இருந்துச்சான்னு."

லிக்கூர்கோஸ் மேட்டுப் பக்கம் திரும்பவில்லை. மறுபடி ஆறு பேரையும் எழுப்பினார். சமையல்காரிக்கு ஜலதோஷம் என்றார். மெட்டாக்ஸியா ரோஷக்காரி, ஆனாலும் பட்டினி முகங்களைப் பார்த்து மனசு கேட்காமல் வழிக்கு ஒரு ரொட்டியும் கொஞ்சம் ஆலிவும் கட்டிக் கொடுத்தாள்.

வேன் இன்னும் தெற்கே போனது. ரோடு ஒடுங்கியது. ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் செங்குத்தாகக் கடல்.

"இது நம்ம திட்டத்துல இல்லையே?" என்றார் வில்லெம்.

"திட்டத்துல இருக்கிறதை எல்லாக் கூட்டத்துக்கும் காட்டுவேன். இதை உங்களுக்கு மட்டும்தான் காட்டுறேன்."

மார்யோலைன் உருகினாள்.

"கப்பல் எங்களை விட்டுட்டுப் போயிடாதே?"

"போனா எங்க வீட்ல தங்கிக்கலாம். கீரை கிடைக்கும்."

அவர் கணக்கு இதுதான். நிலம் முடிகிற இடத்தில் போர்ட்டோ கையோ என்று ஒரு சின்னத் துறை. அங்கே இந்தக் கோடையில்தான் ஏதென்ஸிலிருந்து ஒரு தம்பதி வந்து உணவகம் திறந்திருக்கிறார்கள். மானியில் யாருடைய பாட்டன் யாருடைய பாட்டனைச் சுட்டான் என்றுகூட அறியாத அப்பாவிகள். கனெல்லாவுக்கு அவர்களைத் தெரியாது. அவர்களுக்குக் கனெல்லாவைத் தெரியாது. மனைவியின் கை எட்டாத ஒரு இடம் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பதை நினைக்க அவருக்குச் சிலிர்த்தது.

போர்ட்டோ கையோவில் கடல் குளம்போல அசையாமல் கிடந்தது. வேன் கதவைத் திறந்ததுமே பொரிக்கிற வாசனை வந்து மூக்கில் மோதியது. கணவாய்தான். சந்தேகமே இல்லை. எண்ணெய்ச் சத்தம்கூடக் கேட்டது. ஏதென்ஸ்காரர் சிரித்த முகமாக வந்து மேஜை துடைத்தார்.

"டிரைவருக்குத் தனித் தட்டு உண்டுல்ல?" என்று லிக்கூர்கோஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இல்லாமயா? ரெடியாவே இருக்குங்க."

லிக்கூர்கோஸ் ஹாலந்துக்காரர்களுடனேயே உட்கார்ந்தார். கைத்துண்டை மடியில் விரித்து, முள்கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். காலடிச் சத்தம் கிட்டே வந்தது. தட்டு மேஜையில் இறங்கியது.

"கை கழுவுனியா?"

கண்ணைத் திறந்தார். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கனெல்லா நின்றாள்.

"நீ... நீ எப்படி..."

"என் தம்பி வண்டியில. நீ மேற்கால ஊரெல்லாம் சுத்திட்டு வந்த. நான் கிழக்கால நேரா வந்துட்டேன். இந்தக் கடைக்காரப் பொண்ணுகூட உக்காந்து காபி குடிச்சு, கணவாய் சுத்தம் பண்ணி, மாவுல பொரட்டி, பொரிச்சும் ஆச்சு. நீதான் லேட்டு."

"நான் இங்க வருவேன்னு உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? தியோதோசிஸ்கிட்ட சொன்னேன், மெட்டாக்ஸியாகிட்ட சொன்னேன், வழியில இருக்கிற அத்தனை கடைக்கும் சொன்னேன். இவங்க ஒருத்தருக்குத்தான் போன் பண்ணல. எல்லா வாசலையும் அடைச்சுட்டு ஒண்ணைத் திறந்து வெச்சா, நீ வேற எங்கய்யா போவ?"

லிக்கூர்கோஸ் தட்டைப் பார்த்தார். கீரை இல்லை. பொன்னிறத்தில், மொறுமொறுவென்று, கோபுரமாகக் கணவாய். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். சாப்பிடு."

"கனெல்லா..."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மேஜை விரிப்பைத் தடவினாள். பேசியபோது குரல் மாறியிருந்தது.

"நீ படியில உக்காந்து நெஞ்சைப் பிடிச்சப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டிருப்பியா? நாலு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவுல கிடந்தேன். திங்கணும்னா என் கண்ணு முன்னாடி தின்னு. எவன் கடை மேஜையிலயோ நீ சாஞ்சு கிடந்து, எவனோ போன் பண்ணி எனக்குச் சொல்ற மாதிரி மட்டும் வெச்சுடாதய்யா. அதை என்னால தாங்க முடியாது."

ஹாலந்துக்காரர்களுக்குக் கிரேக்க பாஷை புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. மார்யோலைன் கைக்குட்டையை எடுத்தாள். வில்லெம்கூடக் கேள்வி கேட்கவில்லை.

இவள் மேல் உயிரையே வைத்திருக்கிறோம் என்பது லிக்கூர்கோஸுக்கு அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. கணவாய் ஆறிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற ஊர் வழக்கம் ஒன்று கைவசம் இருந்தது. மானியில் முதல் தடவை சொல்கிற 'வேண்டாம்' வேண்டாம் ஆகாது. சாப்பிடு என்றால் வேண்டாம் என்று சொல்வது மரியாதை. அதற்கு மேல் வற்புறுத்துவது எதிராளியின் மரியாதை. மூன்று தரம் மறுத்து நாலாம் தரம், 'சரி, உன் மனசு நோகக்கூடாதே' என்று கரண்டியை எடுக்க வேண்டும். அந்தச் சீமையில் முதல் மறுப்பை நம்பித் தட்டை எடுத்தவர் எவரும் இல்லை.

அவர் தட்டை மெல்ல, ஆறு பேரும் பார்க்கும்படியாக, மனைவி பக்கம் தள்ளினார்.

"வேண்டாம் கனெல்லா. உன் கண்ணீரை விடக் கணவாய் எனக்குப் பெருசில்ல. எனக்குக் கீரையே போதும்."

மார்யோலைன் விசும்பினாள். லிக்கூர்கோஸ் முள்கரண்டியைக் கீழே வைக்காமல் இரண்டாவது வற்புறுத்தலுக்காகக் காத்திருந்தார்.

கனெல்லா தட்டைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள். பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

"ஆறு மாசம்யா. நீ பாத்துட்டு ஏங்கக்கூடாதேன்னு உன்கூட உக்காந்து நானும் அந்தப் பாழாப்போன கீரையையேதான் தின்னேன்" என்றாள் வாய் நிறைய. "அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளு."