இந்தலெசியோவின் விசுவாசமற்ற வண்டுகள்

தன் வண்டுகள் பக்கத்துக்காரனுக்கு உழைக்கின்றன என்ற சந்தேகம் இந்தலெசியோவுக்கு வந்தது திங்கட்கிழமை காலையில்.

ஸ்பெயினின் எல் எஹிதோ ஊரில் பிளாஸ்டிக் கூரைக்கடியில் தக்காளி போடுகிற எவரையும்போல அவரும் ஒரு பெட்டி வண்டு வாங்கிச் செடிகளுக்கு நடுவே நிழலில் வைத்திருந்தார். வண்டு உட்கார்ந்த பூவில்தான் காய் பிடிக்கும். உட்காராத பூ இரண்டு மூன்று நாளில் கொட்டிவிடும். இந்தப் பூ கொட்டினால் கிறிஸ்துமஸ் விலைக்குக் காய் கிடையாது, வருஷமே போச்சு. அப்பேர்ப்பட்ட வண்டு, பூவில் பேருக்கு உட்கார்ந்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பக்கத்துக்காரன் எவரிஸ்தோவின் கத்தரிக்காய்க் கூடாரத்துக்கு ஜிவ்வென்று பறக்கிறது!

"தின்கிறது நம்ம வீட்ல, உழைக்கிறது அடுத்தவனுக்கு!" என்று கத்தினார்.

"உங்க தம்பியைப் பத்தியா பேசறீங்க?" என்றாள் மனைவி என்கார்னா.

"வண்டைப் பத்திடி!"

அவளுடைய கோதுமை மாவில் பாதியைத் தூக்கிப்போய், பூவில் உட்கார்ந்த வண்டுகள்மேல் எல்லாம் தூவினார். பிறகு எவரிஸ்தோவின் கூடாரத்துக்குள் புகுந்தார். கத்தரிப்பூக்களில் வெள்ளை வெளேரென்று வண்டுகள், ரொட்டிக்கடையில் வேலை முடித்து வந்தவை மாதிரி.

"பாத்தியா? அத்தனையும் என்னோடது!"

"வண்டுக்கு அடையாள அட்டையா இருக்கு? நானும்தான் பெட்டி வச்சிருக்கேன்," என்றார் எவரிஸ்தோ.

"அப்புறம் உன் வண்டு ஏன்யா பவுடர் பூசிக்கிட்டு அலையுது?"

சாயங்காலம் மதுக்கடையில் ஊரே கேட்கும்படி இந்தலெசியோ கதையைச் சொல்ல, மானத்துக்குப் பயந்த எவரிஸ்தோ மறுநாள் காலை ஒரு கேன் ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்து வைத்தார்.

"சண்டை வேணாம்ப்பா. வச்சுக்க."

சந்தேகம் தீர்ந்தது. தப்பு செய்யாதவன் எண்ணெய் கொடுப்பானா? இந்தலெசியோ எண்ணெயையும் வாங்கிக்கொண்டு, ஜன்னல்களுக்கெல்லாம் நெருக்கமான வலையும் அடித்தார்.

மதியத்துக்குள் உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. தக்காளிச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. பூக்களில் ஒரு வண்டுகூட இல்லை.

"போனதெல்லாம் அங்கேயே தங்கிடுச்சு. திரும்பி வர்ற வழியை நானே அடைச்சிட்டேன்!"

கண்ணாடிக் குடுவையோடு எவரிஸ்தோவின் கூடாரத்துக்கு ஓடினார். மாவு வண்டுகளாகப் பார்த்துப் பிடித்து, வலது கையில் கொட்டு வாங்கி வீங்கிய விரல்களோடு கொண்டுவந்து தன் கூடாரத்தில் திறந்துவிட்டார். அவை தக்காளிப்பூவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எவரிஸ்தோ பக்கத்து வலையில் போய் ஒட்டிக்கொண்டு, பிறந்தவீட்டை நினைத்து ஏங்கும் புதுப்பெண்கள்போல ரீங்காரமிட்டன.

"மயக்கி வச்சிருக்கான்! ஏதோ மருந்து வச்சிருக்கான்!"

வியாழக்கிழமை பூக்கள் மஞ்சளாகத் தரையில் கிடந்தன. பெட்டி விற்ற ரோசியோவுக்குப் போன் பறந்தது.

"விசுவாசமே இல்லாத சாதியா பாத்து என் தலையில கட்டிட்டியேம்மா!"

"வர்றேன் மாமா, கத்தாதீங்க."

அவள் வந்தபோது, முகத்துக்கு நேரே தீர்ப்பு கேட்கட்டும் என்று எவரிஸ்தோவையும் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தியிருந்தார் இந்தலெசியோ.

"நல்லா கேட்டுக்க எவரிஸ்தோ. இப்ப தெரியும் யாரு திருடன்னு."

ரோசியோ மண்டியிட்டுப் பெட்டியை விரலால் தட்டினாள். உள்ளே ஒரு திருவிழாக் கூட்டமே உறுமியது. பெட்டியைச் சுற்றிப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"வண்டியில ஆடி வந்த மிரட்சி அடங்கினதும் பெட்டிக் கதவைத் திறந்துவிடச் சொன்னேன், இன்னும் திறக்கவே இல்லையே, அப்ப வலை அடிக்கிற வரைக்கும் இங்க வந்து வேலை செஞ்சதெல்லாம் யாரோட வண்டு, மாமா?"